எமுலேட்டரா, கையில் இருக்கும் போனா? ஆப் எழுதுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன ஆனி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கலிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். கல்லூரியில் கடைசி வருடம். புராஜெக்டுக்காக ஃப்ளட்டரில் (கூகுளின் ஆப் எழுதும் கருவி) ஆப் எழுதி, எமுலேட்டரில், அதாவது கணினிக்குள் போனைப் போல ஓடும் மென்பொருளில், சோதித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எமுலேட்டர் கறுப்பா வந்து அப்படியே நிக்குது. லேப்டாப் போதாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. வீட்ல புதுசு கேக்கட்டா?"

"இப்பம் கேக்காத மக்கா. முதல்ல என்ன கோளாறுன்னு பாப்போம்."

அவன் வீட்டில் ரப்பர் வெட்டுதான் வருமானம். மழை பிடித்துவிட்டால் வெட்டு நடக்காது. அந்த நேரத்தில் போய் லேப்டாப்புக்குப் பணம் கேட்க வைக்கிற அளவுக்கு இது பெரிய கோளாறில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் ஆனது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி வெவ்வேறு உருவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எமுலேட்டரைச் சரிசெய்வதா, பேசாமல் போனிலேயே ஓட்டுவதா, வேறு எமுலேட்டர் போட்டுப் பார்ப்பதா, கிளவுடில், அதாவது நெட் வழியாகத் தூரத்தில் இருக்கும் கருவிகளில், ஓட்டுவதா? நான்குமே நல்ல வழிகள்தான். எது யாருக்கு, எப்போது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, இன்று நீங்கள் சோதிக்கப் போவது என்ன? ஒரு பட்டனை இடம் மாற்றிப் பார்ப்பதும், திரை அணைந்தபின் ஆப் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரே வேலை அல்ல. முதலாவதற்கு எந்த வழியும் போதும். இரண்டாவதற்கு நிஜப் போன் மட்டும்தான் உண்மை சொல்லும்.

இரண்டாவது, கணினியின் ரேமும் டிஸ்க்கில் இருக்கும் காலி இடமும். எமுலேட்டர் நன்றாக ஓட 16 ஜிபி ரேமும் 16 ஜிபி டிஸ்க் இடமும் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது 8 ஜிபி.

மூன்றாவது, வர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் பிராசஸர் வசதி) கிடைக்கிறதா, அதை வேறு எந்த மென்பொருளாவது பிடித்து வைத்திருக்கிறதா என்பது. நான்காவது கரண்டும் நெட்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் நம்முடையது. மழையில் கரண்ட் போவதை ஒரு கணக்காக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

| | ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டர் | சொந்த போன் | மற்ற எமுலேட்டர்கள் | கிளவுட் |
|---|---|---|---|---|
| 8 ஜிபி ரேமில் | திணறும் | தாராளமாக ஓடும் | திணறும் | தாராளமாக ஓடும் |
| வர்ச்சுவலைசேஷன் | கட்டாயம் | தேவையில்லை | பெரும்பாலும் வேண்டும் | தேவையில்லை |
| நெட் | முதல் டவுன்லோடுக்கு மட்டும் | கேபிள் இருந்தால் வேண்டாம் | முதல் டவுன்லோடுக்கு மட்டும் | எப்போதும் வேண்டும் |
| பல ஆண்ட்ராய்டு பதிப்புகள் | உண்டு | ஒன்றே ஒன்று | சில | உண்டு |
| பேட்டரி, கேமரா, பின்னணி வேலை | ஓரளவு | உள்ளது உள்ளபடி | நம்ப முடியாது | உண்மைப் போனைத் தேர்ந்தால் நம்பலாம் |
| மறைமுகச் செலவு | ரேம், டிஸ்க், நேரம் | சொந்தத் தரவு, கேபிள் | மற்ற மென்பொருளோடு மோதல் | டேட்டா, தினசரி வரம்பு |

## ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டர்

அதிகமானோர் தலையை உடைத்துக்கொள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எமுலேட்டருக்குள் ஓடுவது ஒரு முழு ஆண்ட்ராய்டு. அதன் கட்டளைகளை உங்கள் பிராசஸர் நேராக நிறைவேற்ற வழி செய்வதுதான் வர்ச்சுவலைசேஷன். அது இல்லையென்றால் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே பிரித்து மாற்றி ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது எமுலேட்டர் திறக்காது. திறந்தாலும் வேலைக்கு ஆகாது.

முதலில் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொடுங்கள். கீழே 'வர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். அது 'டிஸேபிள்டு' என்று காட்டினால் பயாஸுக்குள் (விண்டோஸ் எழுமுன் வரும் அமைப்புத் திரை) போக வேண்டியதுதான். இன்டெல் கணினியில் 'இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்' என்று இருக்கும். ஏஎம்டி கணினியில் 'எஸ்விஎம் மோட்'. அந்தப் பெயரைத் தெரியாமல்தான் ஏஎம்டி வைத்திருப்பவர்கள் பயாஸ் முழுக்கத் தேடிவிட்டு, "என் லேப்டாப்பில் அந்த வசதியே இல்லை" என்று வந்து நிற்கிறார்கள்.

பயாஸைத் தொடுமுன் ஒரு எச்சரிக்கை. உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால், பயாஸில் ஏதாவது மாற்றியபின் அது ரெகவரி கீ கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீயைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் உள்ளே போங்கள். புராஜெக்ட் முழுவதும் பூட்டிய டிஸ்க்குக்குள் சிக்கிக்கொண்டு ஒரு பிள்ளை அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

'எனேபிள்டு' என்று வந்துவிட்டதா? அடுத்தது, அந்த வசதியை எமுலேட்டருக்கு எடுத்துக் கொடுக்கும் டிரைவர். குழப்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது, காரணம் பழைய வீடியோக்கள். பல வீடியோக்கள் இன்னும் 'ஹாக்ஸம்' என்ற இன்டெல் டிரைவரைப் போடச் சொல்கின்றன. இன்டெல் அதைக் கைவிட்டுவிட்டது. எமுலேட்டரின் 33-ஆம் பதிப்பிலிருந்தே அது விலக்கப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த கூகுளின் சொந்த ஹைப்பர்வைசர் டிரைவரையும் 2026 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். ஆகவே புதிதாகப் போடுகிறவர்கள் நேராக 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' பக்கம் போய்விடுங்கள். 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' ஜன்னலில் அந்தப் பெயருக்கு டிக் போட்டு, கணினியை மறுபடி ஆன் செய்தால் போதும். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இது உண்டு. மைக்ரோசாஃப்டின் வர்ச்சுவலைசேஷன் மென்பொருளான ஹைப்பர்-வியின் முழுத் தொகுப்புத்தான் ஹோமில் இல்லை.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. டாக்கர் (ஆப்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி), டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ்), விண்டோஸின் 'மெமரி இன்டக்ரிட்டி' பாதுகாப்பு எல்லாமே ஹைப்பர்-வியின் அடித்தளத்தில்தான் ஓடுகின்றன. பழைய டிரைவர்கள் அந்த அடித்தளத்தோடு சேர்ந்து இருக்க மாட்டா. அதனால்தான் "ஹைப்பர்-வியை அணை, மெமரி இன்டக்ரிட்டியை அணை" என்று பழைய யோசனைகள் சொல்கின்றன. விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மோடு இவை எல்லாம் சேர்ந்தே ஓடும். பாதுகாப்பைக் குறைத்துக்கொண்டு எமுலேட்டர் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

லினக்ஸில் இத்தனை சுற்று இல்லை. கேவிஎம் (லினக்ஸின் வர்ச்சுவலைசேஷன் வசதி) இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் பயனர் பெயரை 'கேவிஎம்' குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தால் முடிந்தது. பெரும்பாலும் அந்தக் குழுவில் சேர்க்க மறந்ததுதான் கோளாறாக இருக்கும்.

### வர்ச்சுவலைசேஷன் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால்

'எமுலேட்டர் ப்ராசஸ் டெர்மினேட் ஆகிவிட்டது' என்று ஒரே வரியில் செய்தி வரும். பின்னால் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். நான் பார்க்கும் வரிசை இது.

டிஸ்க் இடம்தான் முதலில். சி டிரைவில் ஐந்தாறு ஜிபிகூட இல்லாமல் எமுலேட்டரை எழுப்பப் பார்ப்பவர்கள் ஏராளம். அடுத்து சிஸ்டம் இமேஜ், அதாவது எமுலேட்டரில் ஓடும் ஆண்ட்ராய்டின் கோப்பு. இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு 'எக்ஸ்86_64' இமேஜ்தான் வேண்டும். 'ஆர்ம்64' இமேஜை இறக்கியிருந்தால், அந்தக் கட்டமைப்பை ஆதரிக்க முடியாது என்று சொல்லி நின்றுவிடும். ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் இதற்கு நேர்மாறு, ஆர்ம்64 இமேஜ்தான். மூன்றாவது, லாகில் -1073741515 என்ற எண் தெரிந்தால் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று அர்த்தம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போட்டதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

திரை மட்டும் கறுப்பாக நின்றால் கிராஃபிக்ஸைச் சந்தேகப்படுங்கள். ஏவிடி (நீங்கள் உருவாக்கிய விர்ச்சுவல் போன்) அமைப்பில் கிராஃபிக்ஸை 'சாஃப்ட்வேர்' என்று மாற்றிப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். டிஸ்ப்ளே டிரைவரைப் புதுப்பித்தபின் திரும்ப 'ஹார்டுவேர்' ஆக்கிக்கொள்ளலாம். கரண்ட் போய் டெஸ்க்டாப் பட்டென்று அணைந்தபின் எமுலேட்டர் பாதியில் நின்றால், பழுதான ஸ்னாப்ஷாட்டிலிருந்து (முன்பு சேமித்த நிலை) எழ முயல்கிறது என்று நினைத்து 'கோல்டு பூட்' (முதலிலிருந்து எழுப்புவது) கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 'வைப் டேட்டா' (உள்ளே இருப்பதை அழிப்பது).

நம் ஆட்களுக்கே வரக்கூடிய கோளாறு ஒன்றும் உண்டு. சிலர் ஆசையாக விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பார்கள். தமிழில் வைப்பது நியாயமான ஆசைதான். ஆனால் எமுலேட்டரின் கோப்புகள் அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள் போய் உட்காரும்போது, ஆங்கில எழுத்தல்லாத பாதையைப் படிக்க முடியாமல் அது தடுமாறும். ஏவிடி ஃபோல்டரையும் ஆண்ட்ராய்டு கருவிகள் இருக்கும் எஸ்டிகே ஃபோல்டரையும் ஆங்கில எழுத்துப் பாதையுள்ள வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் தீரும்.

### எமுலேட்டர் எங்கே ஜெயிக்கும்

குளச்சலில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்காக ஒரு சின்ன ஆப் எழுதினேன். படகு போகும் வழியை சிக்னல் இல்லாத கடலிலும் குறித்து வைத்து, கரைக்கு வந்ததும் அனுப்ப வேண்டும். சோதிக்க ஒவ்வொரு முறையும் கடலுக்குப் போக முடியுமா? அவர் படகிலிருந்த ஜிபிஎஸ் கருவியின் தடத்தை ஜிபிஎக்ஸ் (வழித்தடப் பதிவு) கோப்பாக வாங்கி, எமுலேட்டரின் லொகேஷன் பகுதியில் ஏற்றினேன். மேசையில் இருந்தபடியே படகு கிளம்பியது. நடுவில் ஏரோப்ளேன் மோட் போட்டேன், எடுத்தேன். நெட் திரும்ப வந்ததும் சேர்த்து வைத்த புள்ளிகளில் பாதியை ஆப் தொலைத்திருந்தது. அந்தத் தவறை மேசையிலேயே பிடித்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது கரையோடு தொடர்பில்லாமல் கடலில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்தால், இப்படி ஒரு சோதனையை மேலோட்டமாகச் செய்துவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு, டேப்லெட் திரை, மடிக்கும் போன், கைரேகை, மெதுவான 2ஜி நெட், இவை எல்லாவற்றுக்கும் எமுலேட்டரே வசதி. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேற்பட்டதைக் குறிவைத்து ப்ளே ஸ்டோருக்கு வரும் ஆப்கள் 16 கேபி மெமரி பேஜில் (மெமரியைப் பிரிக்கும் துண்டின் அளவு) ஓட வேண்டும் என்பது விதி. அதைச் சோதிக்கத் தனி இமேஜே கொடுத்திருக்கிறார்கள்.

## கையில் இருக்கும் போன்

8 ஜிபி கணினிக்காரர்களுக்குத் தினசரி வேலைக்கு இதைத்தான் நான் சொல்வேன். ரேம் மிச்சம், டிஸ்க் மிச்சம், பேட்டரியும் மிச்சம். செட்டிங்ஸில் 'பில்டு நம்பரை' ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தால் தயார். திரையைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் 'ரன்னிங் டிவைசஸ்' ஜன்னலிலேயே போன் தெரியும்.

போனைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய இருக்கின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அப்புறம் போன் திரையில் அனுமதி கேட்கும் பெட்டி வந்ததா என்று பாருங்கள். 'அன்ஆதரைஸ்டு' என்று காட்டினால் பழைய அனுமதிகளை ரத்து செய்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். சில நிறுவனப் போன்களில் 'யுஎஸ்பி வழியாக இன்ஸ்டால்' என்று தனியாக ஒன்றை ஆன் செய்தால்தான் ஆப் ஏறும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம், க்யூஆர் காட்டினால் போதும். ஆனால் போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே லேப்டாப்பை ஓட்டுகிற விடுதிப் பிள்ளைகளுக்குக் கேபிள்தான் தொந்தரவில்லாதது.

எமுலேட்டரிலிருந்து போனுக்கு மாறும்போது எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம், சர்வர் முகவரி. உங்கள் கணினியில் ஓடும் சர்வரை எமுலேட்டர் 10.0.2.2 என்ற முகவரியில் பார்க்கும். போனுக்கு அந்த முகவரி தெரியாது. கேபிளில் இருந்தால் 'ஏடிபி ரிவர்ஸ்' (ஏடிபி என்பது கணினியிலிருந்து போனோடு பேசும் கருவி) கட்டளையால் போர்ட்டைத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் கணினியின் வைஃபை முகவரியைக் கொடுங்கள்.

இப்போது குளச்சல் கதையின் மறுபாதி. எமுலேட்டரில் எல்லாம் சரியாக ஓடியபின் ஆப்பை நண்பரின் போனில் போட்டுக் கொடுத்தேன். திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் தடம் நின்றுவிட்டது. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று அந்தப் போனின் மென்பொருள் ஆப்பை மூடியிருந்தது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் விருப்பப்படி சேர்க்கும் இந்தக் குணம் எந்த எமுலேட்டரிலும் வராது.

தமிழ் எழுத்தும் அப்படித்தான். குலசேகரம் பக்கம் ஒரு வியாபாரிக்காகச் செய்த பில் ஆப்பில் 'ஒட்டுப்பால்' (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) என்ற பட்டன் எமுலேட்டரில் அழகாக நின்றது. அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று எழுத்தைப் பெரிதாக வைத்திருந்த போனில் அது 'ஒட்டுப்' என்பதோடு வெட்டுப்பட்டு, மேலே புள்ளியும் காணாமல் போயிருந்தது. தமிழ் கீபோர்டில் தட்டிப் பார்ப்பதையும் போனிலேயே செய்யுங்கள். எமுலேட்டரில் கணினிக் கீபோர்டால் அடித்துப் பழகிவிட்டால் அந்தக் கோளாறுகள் கண்ணில் படாது.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும். அப்பாவின் போனையோ அம்மாவின் போனையோ சோதனைக்கு எடுக்காதீர்கள். அவர்கள் பணம் அனுப்பும் நேரத்தில்தான் அது தெரியவரும். முடிந்தால் பழைய போன் ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை.

## ஜெனிமோஷனும் கேம் எமுலேட்டர்களும்

ஜெனிமோஷன் ஆப் எழுதுபவர்களுக்கான இன்னொரு எமுலேட்டர், நல்ல கருவி. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். ஆனால் விர்ச்சுவல்பாக்ஸை (கணினிக்குள் கணினி ஓட்டும் மென்பொருள்) நம்பி ஓடும்போது, ஹைப்பர்-வி ஆனில் இருக்கும் விண்டோஸில் அது ஊர்ந்து போகும். விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடியில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால் காரணம் அதுதான். லினக்ஸில் வேலை செய்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

ப்ளூஸ்டாக்ஸ் போன்றவை கேம் விளையாடச் செய்யப்பட்டவை. ஏடிபி வழியாக ஆப் ஏற்ற முடியும் என்பதால் சிலர் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு பதிப்புகள் சிலதான் கிடைக்கும், சென்சார்களும் சரியாக வராது. அதில் ஓடியது என்பதை ஒரு சோதனையாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

## கிளவுட்

கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேபில் இலவசத் திட்டத்திலேயே ஒரு நாளைக்கு விர்ச்சுவல் கருவிகளில் 10 சோதனைகளும் உண்மையான போன்களில் 5 சோதனைகளும் செய்யலாம். டெஸ்ட் எழுதத் தெரியாவிட்டாலும் 'ரோபோ' சோதனை தானாகவே பட்டன்களைத் தட்டிப் பார்த்து, வீடியோவும் லாகும் தரும். உங்களிடம் இல்லாத போனில் ஆப் விழுகிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

தினசரி எழுதும் வேலைக்கு இது ஒத்துவராது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏபிகேயை (ஆப்பின் நிறுவல் கோப்பு) ஏற்ற வேண்டும். ஃப்ளட்டரின் டீபக் ஏபிகே கனமானது. ஹாட்ஸ்பாட் டேட்டாவில் நாலு முறை ஏற்றினாலே அன்றைய அளவில் பெரும்பகுதி போய்விடும். வெளியீட்டுக்கு முந்தைய வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

8 ஜிபி ரேம், ஒரு போன், ஹாட்ஸ்பாட் நெட்: எழுதியதைப் போனில் ஓட்டிப் பாருங்கள், மாதம் ஒருமுறை டெஸ்ட் லேபில் ஓட்டுங்கள். எமுலேட்டருக்காக ஒரு சாயங்காலத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

16 ஜிபி, எஸ்எஸ்டி: எமுலேட்டரைத் தினமும் ஓட்டுங்கள். ஆனால் யாரிடமும் கொடுக்குமுன் ஒரு நாள் முழுக்க ஆப்பை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடுங்கள்.

கையில் ஆண்ட்ராய்டு போன் இல்லை, ஐபோன் மட்டும்தான் என்றால் எமுலேட்டரைச் சரிசெய்தே ஆக வேண்டும். மேலே சொன்ன வரிசையில் போங்கள்.

செலவு செய்யக் கொஞ்சம் பணம் இருந்தால், லேப்டாப்பில் ரேம் கூட்ட இடம் இருக்கிறதா, அல்லது போர்டிலேயே ஒட்டியதா என்று முதலில் கடையில் கேளுங்கள். இடம் இருந்தால் அதற்குத்தான் முதல் செலவு. இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓட்டுபவர்கள் அதற்கும் முன்னால் எஸ்எஸ்டி போடுங்கள்.

கருங்கல் பையனின் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜர் 'எனேபிள்டு' என்றுதான் காட்டியது. சி டிரைவில் மூன்று ஜிபிதான் காலி. பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து ஹாக்ஸமும் போட்டு வைத்திருந்தான். அதை நீக்கி, விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்முக்கு டிக் போட்டு, தேவையில்லாத இமேஜ்களை அழித்ததும் எமுலேட்டர் திறந்தது. ஆனால் அதோடு எடிட்டரையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் லேப்டாப் தாங்கவில்லை. இப்போது தன் போனிலேயே ஓட்டிப் பார்த்து எழுதுகிறான். எமுலேட்டரை டேப்லெட் திரை பார்க்க மட்டும் எழுப்புகிறான். கேபிளைத்தான் இரண்டு தரம் மாற்ற வேண்டி வந்தது.